அனிமேயில் எடிட்டருக்கு என்ன வேலை?

கேள்வி: அனிமே படத்தில் எல்லாக் காட்சியும் திட்டமிட்டே வரையப்படுகிறதே, எடிட்டர் எதற்கு?

பதில்: அனிமேயில் ஷாட்டுகளின் வரிசையையும் நீளத்தையும் இயக்குநரின் ஸ்டோரிபோர்டே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். கையால் வரைந்ததை வீணாக்க முடியாது என்பதால், வெட்டி எறியக் கூடுதல் காட்சிகளும் இருக்காது. எடிட்டரின் கைவண்ணம் ஃபிரேம் கணக்கில்தான் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேம்கள். அவற்றில் நான்கைந்தைக் குறைத்தாலே ஓர் அடியின் வேகம் மாறும், ஒரு மௌனத்தின் கனம் மாறும்.

இந்தக் கலையில் தகேஷி செயாமா தனித்து நிற்கிறார். இசாவோ தகஹாதா இயக்கிய 'ஹெய்டி' தொலைக்காட்சித் தொடரில் (1974) பணியாற்றியவர், பின்னர் ஸ்டுடியோ ஜிப்லியின் படங்களுக்கு எடிட்டரானார். 1988 அவருடைய அபாரமான ஆண்டு. ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ', தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' இரண்டும் ஏப்ரல் 16 அன்று ஒன்றாக வெளியாயின. ஜூலையில் கட்சுஹிரோ ஓதோமோவின் 'அகிரா' வந்தது. குழந்தைகளின் குதூகலம், போர்க்காலப் பசி, சீறிப்பாயும் மோட்டார்சைக்கிள்கள் என ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று தாளங்கள். மூன்றுக்கும் எடிட்டர் அவரே. இப்படி வளைந்துகொடுப்பது மிக அரிது.

பிறகு 'பிரின்சஸ் மோனோநோகே'யில் (1997) மியாசாகியுடன் சேர்ந்து எடிட் செய்தார். சத்தோஷி கோனின் 'பாப்ரிகா'வும் (2006) அவர் பணியே. அவர் எடிட் செய்த 'ஸ்பிரிட்டட் அவே' 2003இல் ஆஸ்கர் வென்றது.