போக்கிமான் கோ: யாருக்கு எதிரா யாரை இறக்கணும்?



2016-ல் வந்த 'போக்கிமான் கோ' விளையாட்டில் பலம் மட்டும் போதாது, பொருத்தமும் வேணும். தண்ணீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு செடியை எரிக்கும். செடி தண்ணீரைக் குடிக்கும்.

பொருத்தமாக அடித்தால் சேதம் 1.6 மடங்கு. பொருந்தாவிட்டால் 0.625 மடங்குதான். கியாரடோஸைப் பார்த்தாலே பயமா இருக்கும். ஆனா அது தண்ணீர், பறக்கும் என இரண்டு வகை. இரண்டுக்கும் மின்சாரம் ஆகாது. 1.6 × 1.6 = 2.56 மடங்கு அடி!

எதிராளியோடு மோத மூன்று போக்கிமான்தான் கொண்டு போகலாம். கிரேட் லீக்கில் எதற்கும் சி.பி. 1500-ஐத் தாண்டக் கூடாது. மூன்றுமே தண்ணீர் வகைன்னா, ஒரே மின்சார வகை மூன்றையும் சாய்ச்சிரும். வள்ளத்தில் எல்லாரும் வலை இழுத்தா எஞ்சினை யார் பாக்கிறது?

என் அணி: தண்ணீர், நிலம், செடி. மின்சாரம் வந்தா நிலம் தாங்கும். தண்ணீர் வந்தா செடி தாங்கும்.

தினம் அரைமணி நேரமே போன் கிடைக்கிற எனக்குப் பெரிய போக்கிமான் சேர்க்க வழியில்லை. இந்தப் பெருக்கல் கணக்குதான் கைகொடுக்குது. சின்னதுன்னு எதையும் தள்ளாதீங்க.

கேள்வி: எதிரி நெருப்பை இறக்கினா என் அணியில் யாரை இறக்கணும்? யோசிங்க!

- 9-ம் வகுப்பு மாணவி, முட்டம்