விலை திறப்பதற்கு முன்னால்

அன்புள்ள கதிர்,

"டெண்டர் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டதே ஐயா, இனி அதிகாரி எங்கே கைவைக்க முடியும்?" என்று கேட்டிருந்தாய். விவரம் தெரிந்தவர்களே இப்படிப் பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கணினி பூட்டி வைப்பது விலையைத்தான். யார் போட்டியிடலாம், எத்தனை நாளுக்குள் என்பதை அதற்கு முன்பே ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிடுகிறார்.

தகுதி நிபந்தனையைப் பார். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் ஓர் அளவுகோல் சொன்னது. கடந்த 7 ஆண்டுகளில் இதே மாதிரிப் பணிகளில், மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்றோ, 50 சதவீதத்தில் இரண்டோ, 80 சதவீதத்தில் ஒன்றோ முடித்திருந்தால் போதும். அதாவது 1 கோடி ரூபாய் சாலைக்கு 80 லட்சத்தில் ஒரு சாலை போட்டவர் வரலாம். அதே சாலைக்கு "ஒன்றரைக் கோடியில் ஒரே பணி" என்று அறிவிப்பு கேட்டால், சிறிய ஒப்பந்ததாரர்கள் அந்த வரியோடு வெளியே. கூடவே "தார்க்கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்தமாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி. தூரத்துக்கு நியாயமான காரணம் உண்டு, கலவை ஆறிப்போனால் சாலை நிற்காது. ஆனால் வாடகை ஆலை ஏன் கூடாது? கலவைக்கு உரிமையாளர் யாரென்று தெரியாது. தொழில்நுட்பக் காரணத்தின் முதுகில் ஏறி வரும் இத்தகைய நிபந்தனைதான் மிகவும் ஆபத்தானது. தணிக்கைக்காரரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

இன்னொன்று, "பணியிடத்தைப் பார்வையிட்டதற்குப் பொறியாளரிடம் சான்று பெற்று இணைக்க வேண்டும்" என்பது. படிக்க எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது! ஆனால் சான்று கேட்டு வருபவர்களை வைத்தே போட்டியாளர் பட்டியல் முழுவதும் பொறியாளர் கைக்கு வந்துவிடுகிறது. வேண்டாதவர் வந்தால் "ஐயா சைட்டில் இருக்கிறார், நாளை வாருங்கள்" என்றால் தீர்ந்தது. எந்த மென்பொருளும் இதைத் தடுக்காது.

டெண்டர் போடத் தரும் அவகாசமும் அப்படித்தான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் 2000ஆம் ஆண்டு விதிகளில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று இருக்கிறது. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும். "அவசரம்" என்று ஒற்றைச் சொல்லை எழுதுவது காரணம் ஆகாது.

இப்படிப்பட்ட அதிகாரிகளைப் பொறுப்பாக்கும் ஜப்பானியச் சட்டம் ஒன்றைப் பற்றிச் சமீபகாலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கூட்டுச் சேர்ந்து டெண்டர் போட்ட நிறுவனங்கள் தண்டிக்கப்பட்டன. ஆனால் ரகசிய உச்சவரம்பு விலையைக் கசியவிட்ட, இன்னாருக்குக் கொடுங்கள் என்று சொன்ன அதிகாரிகளுக்கென்று தனிச் சட்டம் முதலில் இருக்கவில்லை. 2002இல் அவர்களுக்காகவே ஒரு சட்டம் இயற்றினார்கள். அரசுக்கு நேர்ந்த இழப்பை அந்த அதிகாரியிடமே வசூலிக்க வழி வந்தது. 2006 இறுதியில் ஃபுகுஷிமா, வகாயாமா, மியாசாகி மாகாணங்களில் ஆளுநர் பொறுப்பு வகித்தவர்களே கைதானார்கள். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி 5 ஆண்டு வரை சிறை என்றார்கள். பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நம் ஊரிலும் நிபந்தனையை எழுதியவர் பெயரும் காரணமும் அறிவிப்போடு வெளிவர வேண்டும். எழுதியவரே டெண்டர்களை மதிப்பிடவும் கூடாது. இதை யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள். அடுத்த முறை அவகாசம் குறைத்த அறிவிப்பு கண்ணில் பட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் அதற்குக் காரணம் எழுதிய கோப்புக் குறிப்பின் நகலைக் கேள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்