பழைய கேஸ்கட்டை அகற்றும் முறை

எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்போர் பிஸ்டனையும் வால்வையும் அளந்து பார்ப்பதில் மிகுந்த கவனம் செலுத்துவர். ஆனால், இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே வெந்து ஒட்டிப்போன பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் வேலை, பெரும்பாலும் பணிமனைக்குப் புதிதாக வந்த பையனிடமே போய்ச் சேரும். அவன் கையில் ஓர் உளியோ, தேய்ந்த அரத் துண்டோ கொடுக்கப்படும். எளிதென்று எண்ணி விடப்படும் இவ்வேலையில் எஞ்சினின் ஆயுளும், சில வேளைகளில் அப்பையனின் ஆயுளும் அடங்கியுள்ளன. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம். பொறியியல் பயிலாத நண்பர்களும் இதைத் தயங்காமல் படிக்கலாம். கணக்கு எதுவும் இதில் இல்லை.

கேஸ்கட்டின் பணி

எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் உலோகப் பரப்பு முற்றிலும் சமமாகிவிடாது. உருப்பெருக்கியில் நோக்கினால் அது மேடும் பள்ளமுமாகவே தோன்றும். சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் கேஸ்கட், போல்ட்டுகளின் இறுக்கத்தால் நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புகிறது. எரியும் கணத்தில் 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பநிலையுள்ள வாயு ஒரு பக்கம். அதற்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே குளிர்விக்கும் நீர் ஒரு பக்கம். எண்ணெய் ஒரு பக்கம். இம்மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது கேஸ்கட்டே.

பழைய கேஸ்கட்டின் ஒரு சிறு துணுக்கு பரப்பில் எஞ்சியிருந்தால், புதிய கேஸ்கட் அவ்விடத்தில் மட்டும் தூக்கி நிற்கும்; அதன் அருகே இறுக்கம் குறையும்; அவ்வழியே வாயு கசியும். பிறகு நீர் கொதிக்கும்; ஹெட் வளையும்; எஞ்சினை மீண்டும் பிரிக்க வேண்டி வரும். மாறாக, துணுக்கை எடுக்கும் ஆத்திரத்தில் பரப்பைக் கீறிவிட்டாலும் விளைவு அதுவே. சிலிண்டர் துளையிலிருந்து நீர்த்துளை வரை செல்லும் குறுக்குக் கீறல் எல்லாவற்றினும் கொடியது. அது கசிவுக்கு நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால் ஆகும்.

இரும்பும் அலுமினியமும்

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. கூரிய எஃகுச் சுரண்டியை அது ஓரளவு தாங்கும். 1983-இல் வந்த மாருதி 800-இன் ஹெட்டோ அலுமினியம். இரும்பில் பழகிய கை அதே அழுத்தத்தோடு அலுமினியத்தில் இறங்கினால், உலோகமே சீவப்பட்டு வந்துவிடும். ஆகவே அலுமினியத்திற்குப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியே ஏற்றது. எந்தச் சுரண்டியாயினும் பரப்போடு படுக்கையாகச் சாய்த்துத் தள்ள வேண்டும்; நிமிர்த்திக் குத்தலாகாது.

வேதியியலிலும் இவ்வேறுபாடு உண்டு. இரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்துத் தூய்மை செய்யும் பழக்கம் பணிமனைகளில் உண்டு. அதே கரைசலில் அலுமினியத்தை இட்டால் உலோகம் கரையும். ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளிவரும். பாகமும் கெடும், தீ விபத்துக்கும் இடமுண்டு. கேஸ்கட்டை இளக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பூசிச் சில நிமிடங்கள் காத்திருந்தால், பாதி வேலையைத் திரவமே செய்துவிடும். ஆனால் அவற்றுள் சிலவற்றில் உள்ள டைகுளோரோமீத்தேன், மூச்சோடு உட்சென்றால் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும் இயல்புடையது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் மட்டுமே அதைக் கையாள வேண்டும்.

சுழல் தட்டின் தீங்கு

வேலை விரைவாக முடிய வேண்டுமென்று, சுழலும் உராய்வுத் தட்டைப் பொருத்தித் தேய்ப்பாரும் உளர். பரப்பு பளபளக்கும், ஆனால் பளபளப்பு வேறு, சமம் வேறு. தட்டு மென்மையான இடத்தில் குழி பறிக்கும். அதினும் பெரிய தீங்கு, தட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள். தண்டையும் பேரிங்கையும் பிரித்து வைக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனமே உடையது. அதைவிடப் பெரிய துகள்கள் எண்ணெயோடு சென்றால், பேரிங்கில் பதிந்து தண்டை அரித்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே 2000-ஆம் ஆண்டில் தன் பணிமனைகளுக்கு இத்தட்டுகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத தூசி

இனி, இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவோம். பழைய எஞ்சின்களின் கேஸ்கட்டுகள் பலவற்றில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. அது இறுகிய தகடாக இருக்கும்வரை இழைகள் எளிதில் வெளிப்படா. வெந்து நொறுங்கிய நிலையில் உலர்ந்தபடியே சுரண்டினாலும், கம்பித் தூரிகையால் தேய்த்தாலும், காற்றுக் குழாயால் ஊதினாலும் இழைகள் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கவல்லவை. நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். பதினாறு வயதில் சுவாசித்தவன் ஐம்பதில் நோயுறுவான். இதனாலன்றோ 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலை தொடங்கியதிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது!

கண்ணால் பார்த்து அஸ்பெஸ்டாஸை உறுதி செய்ய இயலாது. எனவே பழைய கேஸ்கட் எதுவாயினும் அதில் அஸ்பெஸ்டாஸ் உண்டென்றே கொள்க. சோப்பு கலந்த நீரால் நன்கு நனைத்துச் சுரண்டுக. துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, உறையிலிட்டுக் கட்டுக. முகத்தில் கட்டும் கைக்குட்டை இவ்விழைகளைத் தடுக்காது. நுண்துகள் வடிகட்டும் முகமூடியே தேவை.

செய்யும் வரிசை

1. எண்ணெய், நீர்த் துளைகளையும் சிலிண்டர்களையும் துணியால் அடைத்துக்கொள்க. துணிகளை எண்ணி வைத்து, முடிவில் எண்ணி எடுக்க.

2. நனைத்தோ, திரவம் பூசியோ, இளகும்வரை பொறுத்திருக்க.

3. உலோகத்திற்கேற்ற சுரண்டியால் படுக்கையாகத் தள்ளுக.

4. போல்ட் துளைகளில் தேங்கிய நீரையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்க. அடிமூடிய துளையில் திரவம் நின்றால், போல்ட்டை இறுக்கும்போது அது அமுங்க மறுத்துப் பிளாக்கையே பிளக்கக்கூடும்.

5. நேர்விளிம்புச் சட்டத்தை நீளம், அகலம், மூலைவிட்டம் என வைத்து, ஃபீலர் கேஜால் வளைவை அளக்க. எவ்வளவு வளைவு பொறுக்கத்தக்கது என்பதை அவ்வெஞ்சினின் கையேடு கூறும்.

6. கடைசியாகக் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க. துணியில் கறை படியாதிருந்தால் பரப்பு தூயது. அதன்பின் அப்பரப்பை விரலால் தொடலாகாது.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு வாளி நீரும் சிறிது பொறுமையும் போதும். நாளை பணிமனைகளில் மேற்பார்வை செய்யப் போகும் மாணவ நண்பர்கள், சுரண்டியைப் பையன் கையில் கொடுக்குமுன் நீரையும் முகமூடியையும் கொடுக்கவேண்டும். எஞ்சினுக்குப் புதிய கேஸ்கட் கடையில் கிடைக்கும். அவன் நுரையீரலுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.