ஏரியில் மறையும் ஆறு

ஆல்ப்ஸ் மலையடியிலுள்ள ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியில் கோடைக்காலத்தில் படகிற் செல்வோர் ஒரு விந்தையைக் காண்பர். பனியாறுகள் அரைத்த வண்டலைச் சுமந்து கலங்கி வரும் ரோன் ஆறு, முகத்துவாரத்தைக் கடந்ததும் மறைகிறது. அப்பால் தெளிந்த நீல நீரே தோன்றுகிறது.

காரணம் யாது? ஆற்றுநீர் குளிர்ந்தது, வண்டலும் கலந்திருப்பதால் ஏரியின் மேல்நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே அமிழ்ந்து அடியில் ஓடுகிறது. ஏரித்தளத்தில் இவ்வோட்டத்தால் அமைந்த நீண்ட பள்ளத்தைச் சுவிஸ் அறிஞர் ஃபோரெல் 1885-இல் விளக்கினார்.

சோதனை: கண்ணாடித் தொட்டியிலுள்ள வெதுவெதுப்பான நீரில், பனிக்கட்டியிட்டுக் குளிர்வித்த செம்மண் நீரை ஓரமாக மெல்ல ஊற்றுக. அது அடியோடு ஊர்ந்து செல்லும்.

நீர்த்தேக்கங்களிலும் வண்டல் இவ்வாறே அணையின் அடிவரை வரக்கூடும். மேல்நீரின் தெளிவை நம்பலாகாது. பல ஆழங்களில் நீரெடுத்துச் சோதித்தல் வேண்டும். உரிய வேளையில் அடிமதகைத் திறந்தால் வண்டலில் ஒரு பகுதியை வெளியேற்றலாம்.