ஒருமுகப்பாடும் அதன் மிகையும்

கல்வி பயில்வார்க்கு மனத்தை ஒருவழி நிறுத்தல் இன்றியமையாததென்பதை மறுப்பார் யாருமிலர். ஆயின், வேண்டியபோது ஒன்றில் நில்லாத மனம், பிறிதொன்றில் நின்றபின் மீட்கவும் ஒண்ணாததாயின் என் செய்வது? இவ்விரண்டும் ஒருவரிடத்தே காணப்படுதலுண்டு. அதன் நன்மை தீமைகளை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியராகிய அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்பார், 1798-ஆம் ஆண்டிலேயே கவனத்தின் நோய்களைப்பற்றி ஓர் அத்தியாயம் வரைந்தார். கதவைச் சாத்துதல், மேசையை நகர்த்துதல் போன்ற சிறு நிகழ்ச்சிகளும் சிலருடைய கவனத்தைக் கலைத்துவிடுதலை அதன்கண் எடுத்துக்காட்டினார். இத்தகைய நிலையே இன்று ஏ.டி.எச்.டி. எனப்படுகின்றது. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கூடிய கோளாறு என்பது அதன் பொருள்.

"குறைவு" என்னும் அச்சொல்லே மயக்கம் விளைப்பது. இந்நிலையுடைய மாணவனொருவன் இலக்கணப் புத்தகத்தின்முன் கால்மணி நேரம் அமரமாட்டான். தன் உள்ளங்கவர்ந்த சித்திரத்தையோ யந்திரத்தையோ கையிலெடுத்தாலோ, பொழுது போவதறியான். பெயர் சொல்லி அழைப்பினும் கேளான். இதனை ஹைப்பர்ஃபோகஸ் என்பர். இதைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும், "மனம் வைத்தால் இவனால் முடியும், மற்றதெல்லாம் சோம்பலே" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்புப் பிழையாம். இவன்பால் குறைவது கவனமன்று. அதனை வேண்டுமிடத்துச் செலுத்தவும் வேண்டாதபோது மீட்கவும் வல்ல ஆட்சியே. ஏரியில் நீருளது, மதகுதான் சொற்படி இயங்குவதில்லை. கடமையென்னும் எண்ணத்தினும் சுவையும் புதுமையும் நெருக்கடியுமே இவனை எளிதில் எழுப்புகின்றன.

இம்மிகையால் விளையும் நன்மை சிறிதன்று. பிறர் பன்னாள் முயன்று கற்பதைச் சிலர் ஓரிரவில் கற்றுவிடுவர். கணிதம், இசை, கணினிக்கலை முதலியவற்றில் ஆழ்ந்து திளைத்து அரிய பயன் காண்பாருமுளர். எதற்கும் உதவான் எனப்பட்டவனுக்குத் தன்பால் நம்பிக்கை பிறப்பதும் இவ்வாற்றானே.

தீமையும் அவ்வேரினின்றே தோன்றுகின்றது. ஊணும் உறக்கமும் மறக்கப்படும். மறுநாட் பரீட்சைக்குரிய பாடம் தொடப்படாதிருக்கும். இடையில் எழுப்பினார்மீது சினம் மூளும். நண்பர் தம்மைப் புறக்கணித்தானென வருந்துவர். மேலும், மனம் தானே தேர்ந்த பொருள் எப்பொழுதும் பயனுடையதாதல் இல்லை.

ஒன்று நினைவிற்கொள்க. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் 2013-இல் வெளியிட்ட கைந்நூலில் இந்நிலைக்குரிய அறிகுறிகள் 18 கூறப்பட்டுள; அவற்றுள் இம்மிகை ஒன்றன்று. நலமுடையாரும் ஒரோவழி இங்ஙனம் ஆழ்தலுண்டு. ஆதலின் இதுகொண்டே ஒருவர் தமக்கு நோயென முடிவு செய்தல் தகாது. ஐயமுளதேல் மருத்துவரை அணுகுக.

இனிச் செய்யத்தக்கன சில. சுவையற்ற சிறு கடமையை முன்னர் முடித்து, உண்டபின் விரும்பிய வேலையில் இறங்குக. கடிகார மணியை எழுந்து சென்று நிறுத்தவேண்டிய தொலைவில் வைக்க. குறித்த நேரத்தில் தோளைத் தொட்டு எழுப்ப ஒரு நண்பரை வேண்டிக்கொள்க. விட்ட இடத்தை ஒரு வரியில் எழுதிவைப்பின், பிரிதல் எளிதாம். ஆசிரியன்மாரும் நீண்ட பாடத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் அண்மையில் தவணை குறித்தல் நலம்.

ஏரியைப் பழித்தலால் வயல் விளையாது. மதகைச் செப்பனிடுதலே அறிவுடைமை. சோம்பேறியென்று இகழப்படும் மாணவன் நம் வகுப்பிலிருப்பானாயின், அவன் எதில் தன்னை மறக்கின்றான் என்பதை முதற்கண் நோக்குவோமாக.