கொலாஜன் புரதமும் பரம்பரைத் தொடுப்பிழைய நோய்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம் – பிறப்புரிமையியல்



திருகோணமலைத் துறைமுகத்தில் வள்ளம் கட்டும் கயிறொன்றின் நுனியை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருக்கும். உங்கள் தோலுக்கும் என்புக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் எனும் புரதமும் இத்தகைய அமைப்பையே கொண்டுள்ளது.

1. கொலாஜன் என்றால் என்ன?

இது தொடுப்பிழையத்தின் பிரதான புரதமாகும். உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30% இதுவே. தோல், என்பு, கசியிழையம், தசைநாண், குருதிக்கலன்களின் சுவர் ஆகியவற்றில் காணப்படும்.

2. அமைப்பைக் கண்டறிந்தவர்

ஜி. என். இராமச்சந்திரன் (1922–2001) 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியரானார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணின் கொலாஜனை எக்ஸ் கதிர் மூலம் ஆராய்ந்து, 1954 இல் அதன் முப்புரி அமைப்பை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகளும் கயிறுபோல ஒன்றாக முறுக்குண்டிருப்பதை 1955 இல் மேலும் தெளிவுபடுத்தினர்.

கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று கிளைசீன் ஆகும். எனவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் அமைய வேண்டும் என்பது அவர்களது முடிவு. முப்புரியின் நடுவிலுள்ள ஒடுங்கிய இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் மட்டுமே பொருந்தும்.

3. விகாரமும் நோயும்

டி.என்.ஏ. இல் ஒரு மூலம் மாறினாலும் கிளைசீனுக்குப் பதிலாகப் பெரிய அமினோ அமிலமொன்று இடம்பெறலாம். அப்போது முறுக்கு குழம்பும். என்பு எளிதில் முறியும் பரம்பரை நோய் பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது. இது பொதுவாக ஆட்சியானது. ஓர் எதிருரு பழுதானாலே நோய் தோன்றுவது ஏன்?

என்பிலுள்ள கொலாஜன் மூலக்கூறில் ஒரே வகைச் சங்கிலிகள் இரண்டும் வேறு வகைச் சங்கிலி ஒன்றும் உள்ளன. முதல் வகைக்குரிய பரம்பரையலகு 17 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் ஓர் எதிருரு பழுதானால், அவ்வகைச் சங்கிலிகளில் அரைவாசி பழுதாகும். இரண்டும் நல்லவையாக அமையும் நிகழ்தகவு 1/2 × 1/2 = 1/4. ஆகவே 3/4 பங்கு மூலக்கூறுகள் பழுதடையும். ஒரு புரி நைந்தால் முழுக் கயிறும் வலுவிழக்கும் அல்லவா?

4. பின்னிடைவான நோய்

மேற்றோலை உட்தோலுடன் பிணைப்பது இன்னொரு வகைக் கொலாஜன். அது இல்லாவிடின் சிறிய உராய்விலும் தோல் கொப்புளமாகி உரியும். இந்நோயின் கடுமையான வடிவம் பின்னிடைவானது. பெற்றோர் இருவரும் நோயற்ற காவிகளாக இருக்கலாம். இரத்த உறவினருக்கிடையேயான திருமணத்தில் இருவரும் ஒரே பழுதான எதிருருவைக் கொண்டிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இந்நோய்ப் புண்களில் பூசும் பரம்பரையலகுச் சிகிச்சை 2023 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

கவனத்திற் கொள்க: ஸ்கேவி நோயிலும் கொலாஜன் பாதிப்புறும், ஆனால் அது பரம்பரை நோயன்று. கொலாஜன் உறுதியடைய விற்றமின் சீ தேவை. முற்காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் பயணித்த மாலுமிகளுக்குப் பழங்கள் கிடைக்காததால் முரசில் குருதி வடிந்தது. 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்த நோயாளிகள் விரைவில் தேறினர். பரம்பரை நோயைப் பழச்சாறு குணப்படுத்தாது.

மேலும், பரம்பரைத் தோல் நோய் தொற்றாது. அது எவரது பாவத்தின் பலனுமன்று. அத்தகைய நண்பருக்கு அருகில் அமரத் தயங்காதீர்கள். விளையாட்டு மைதானத்தில் அவரது உடலில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கிளைசீனின் இடத்தைப் பெரிய அமினோ அமிலம் பெற்றால் கொலாஜன் பாதிப்புறுவது ஏன்?

2. காவிகளான பெற்றோரின் முதற் பிள்ளைக்குப் பின்னிடைவான தோல் நோய் உள்ளது. “ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூவருக்கும் வராது” என அயலவர் கூறுகிறார். இது சரியா?

விடைகள்

1. முப்புரியின் நடுவில் அதற்கு இடமில்லை. எனவே முறுக்கு ஒழுங்காக அமையாது.

2. தவறு. ஒவ்வொரு கருத்தரிப்பும் தனித்த நிகழ்ச்சி. முதற் பிள்ளையின் நிலை எதுவாயினும், அடுத்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் நிகழ்தகவு 1/4 ஆகும். பலர் புள்ளிகளை இழப்பது இவ்விடத்திலேயே.