பூண்டியில் தாத்தா கட்டிய மண் வீடு

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி தாண்டி எங்கள் பூண்டி. தாத்தா கட்டிய மண் வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. திருப்பூர் வேலையை விட்டுவிட்டுப் பூண்டு, உருளைக்கிழங்கு போடலாம் என்று வந்திருக்கிறேன். பின்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். அப்பா காலத்தில் அடித்த சிமெண்ட் பூச்சு தகடு தகடாக விழுகிறது. கைமரத்திலிருந்து மாவு கொட்டுகிறது. கொத்தனார் "எல்லாத்தையும் கொத்திட்டுப் புதுசா சிமெண்ட் பூசிரலாம்" என்கிறார். கையில் பெரிய பணம் இல்லை. யூடியூப் பார்த்து நானே செய்யலாமா?
– வாசகர், பூண்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம். மண் வீட்டைக் கட்டியவர்களும் ஊர்க்காரர்கள்தானே. ஆனால் கொத்தனார் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொத்துவது சரி, மறுபடி சிமெண்ட் வேண்டாம்.

மண் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் போர்த்தினால் இழுத்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. பூச்சுக்குப் பின்னால் மண் குழைந்து பிடிமானம் விட, பூச்சு தகடாகப் பெயர்கிறது. உங்கள் சுவர் கெட்டதற்குப் பாதிக் காரணம் அந்த நல்லெண்ணப் பூச்சுதான்.

மீதிப் பாதி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கரண்டியைத் தொடுமுன் அங்கே போய்ப் பாருங்கள். சரிவில் கட்டிய வீட்டில் மேட்டுப் பக்கத்து மண் வருடா வருடம் மழையில் இறங்கி, சுவரோரம் குவியும். வெளியே இருக்கும் மண் உள்தரையைவிட உயரமாக இருந்தால், எந்தப் பூச்சு பூசினாலும் ஓதம் நிற்காது. யூடியூப்காரர்களில் பலர் சமவெளி வீட்டில் நின்று பேசுகிறவர்கள். இந்தச் சங்கதி அவர்களுக்கு வராது.

குவிந்த மண்ணை உள்தரைக்கு முக்கால் அடியாவது கீழே இறங்கும்வரை மண்வெட்டியால் எடுங்கள். ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் வெட்டாதீர்கள். நாலைந்து அடி எடுத்து, சுவர் அசையவில்லை என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே தோண்டவே கூடாது. சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி, இரு பக்கமும் சரிவில் இறங்கும்படி வாய்க்கால் எடுங்கள். மேட்டை இடுப்புயரத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் கருங்கல் தடுப்புச் சுவர் தேவைப்படும். அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள், பொக்லைனைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது காலம். மேல்மலையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். ஈரப் பூச்சு இரவில் உறைந்தால் காலையில் பொறுக்காகிக் கையோடு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ காயவே காயாது. எனவே பனிக்காலத்தில் வாய்க்கால் வேலையும், சிமெண்டை உளியால் மெல்லப் பெயர்ப்பதும். டிரில் மெஷின் வேண்டாம், அது நல்ல மண்ணையும் உதிர்த்துவிடும். பெயர்த்த சுவரைச் சில வாரம் அப்படியே காற்றாட விடுங்கள். பிப்ரவரி கடைசியில் தொடங்கி, கோடை மழைக்கு முன் பூசி முடியுங்கள்.

பூச்சு மண்ணைச் சோதிக்கக் கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். மணல் அடியில் உடனே படியும். களி மேலே மெல்லப் படியும். மணல் பாதிக்கு மேலும், களி கால் பங்கு அளவிலும் இருந்தால் நல்ல மண். களி அதிகமானால் வெடிக்கும், மணல் சேருங்கள். நறுக்கிய வைக்கோலையோ காய்ந்த புல்லையோ போட்டு மிதித்து, ஒரு வாரம் புளிக்க வைத்துப் பூசுங்கள். சுவரை நனைத்த பிறகே பூச வேண்டும். பள்ளங்களை ஒரே அப்பாக அப்பாமல், ஒன்று காய்ந்தபின் அடுத்ததாக நிரப்புங்கள். எல்லாம் காய்ந்ததும் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை மூன்று நான்கு கை அடியுங்கள். எமல்ஷன், டிஸ்டம்பர் எதுவும் வேண்டாம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கைமரத்துக்கு வருவோம். மேல்மலை வீடுகளில் விதைப்பூண்டைப் பரணில் கட்டித் தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டுவது வழக்கம். அதே புகை மரத்தையும் காத்தது. வீடு பூட்டியதும் புகை நின்றது, வண்டு வந்தது. திருப்புளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்தோடு நின்றால் மரம் பிழைக்கும். ஒரு பங்கு போரிக் அமிலத்தோடு ஒன்றரைப் பங்கு வெண்காரம் சேர்த்துச் சுடுநீரில் கரைத்து, காய்ந்த மரத்தில் ரெண்டு மூன்று முறை தடவுங்கள். பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்வார்கள். அடுப்பெரியும் வீட்டுக்கு அது ஆகாது. திருப்புளி முழுக்க இறங்கினால், ஓட்டை இறக்கி அந்த மரத்தை மாற்றியே ஆகவேண்டும். உத்தரத்தில் அப்படி இறங்கினால் ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பனி இரவில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். அடியில் பலகை கொடுக்க வசதியிருந்தால் போடுங்கள். போல்ட்டை அலையின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். கூரை சுவரைத் தாண்டி ரெண்டடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏதும் இருந்தால் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

கேள்வி: அனுமதி ஏதும் வாங்கணுமா? வயரிங்கும் நானே மாற்றலாமா?

பதில்: பூசுவதும் ஓடு மாற்றுவதும் வேறு, இடித்துக் கட்டுவதும் அறை கூட்டுவதும் வேறு. இரண்டாவதற்குக் கட்டாயம் அனுமதி வேண்டும். 1990-லிருந்து மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. அதன் விதிகள் உங்கள் கிராமத்துக்கும் உண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மரம் வெட்டுவதற்கும் மலைப்பகுதியில் தனிச் சட்டம் உண்டு.

வயரிங்கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். ஓதச் சுவரில் பழைய வயர் என்றால் சுவரே ஷாக் அடிக்கும். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து எர்த் புதிதாகப் போட்டு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லுங்கள். அதுவரை மெயினை இறக்கியே வைத்திருங்கள்.